போய்னாலி மலையைப் பார்க்க மாட்டார்

எங்கள் ஊரில் வண்டிகள் கிடைத்த இடத்தில், கிடைத்த பக்கம் பார்த்து நிற்கும். போய்னாலியின் டாக்ஸி மட்டும் எப்போதும் கடலைப் பார்த்துத்தான் நிற்கும். சந்து எவ்வளவு குறுகலாக இருந்தாலும் பின்பக்கமாகவே ஏற்றிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவார். சாவி வண்டியிலேயே கிடக்கும். கூரைகளுக்கு மேலே கர்த்தாலா எரிமலை மேகத்துக்குள் உட்கார்ந்திருக்கும். அந்தப் பக்கம் அவர் தலை திரும்பி நான் பார்த்ததில்லை.

"மாப்பிள்ளை, மலை உன்னத்தான் விசாரிச்சுது. சாயங்காலம் டீ குடிக்க வரச் சொல்லுது" என்பான் ஹலிஃபா. சதுக்கத்து முனையில் மளிகைக் கடை வைத்திருப்பவன். போய்னாலி வேறு ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவர் என்பதால் இங்குள்ள ஆண்கள் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். கேலி செய்யும் உரிமையும் எல்லோருக்கும் உண்டு.

அவர் டோமினோக் கட்டையைக் கீழே வைத்தபடி, "நீ போயி குடிச்சிட்டு வா. சூடாத்தான் தரும்" என்பார்.

வீடு அவர் மனைவி அன்சீசாவுடையது. அவள் அப்பா அவளுக்கென்று கட்டியது. இந்தத் தீவில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் ஒரு பையோடு வந்து சேர்வான், சரிப்படாவிட்டால் அதே பையோடு போவான். மாடியில் நான் குடியிருக்கிறேன். பிறந்தது காரைக்கால். இங்கே பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கக் கொஞ்ச காலத்துக்கென்று வந்தவள், அப்படியே தங்கிவிட்டேன். வாத்தியார் என்பதால் ஊருக்கே நான் 'ஃபுண்டி'.

அன்சீசா பெரிய உடம்புக்காரி, பெரிய குரல்காரி. காலையில் முகம் முழுக்கச் சந்தனம் அப்பிக்கொண்டு, வெட்டுக்கத்தியைத் தலைக்கூடையில் போட்டுக்கொண்டு மலையேறுவாள். காடு ஆரம்பிக்கிற இடத்தில் அவளுக்கு வாழையும் சேம்பும் இருந்தன. புருஷனின் பயம் அவளுக்குத் தினசரித் தமாஷ். "எனக்குச் சோறு போடுறதே அந்த மலைதான் ஃபுண்டி. இந்த மனுஷன் அதப் பாத்தா கழிஞ்சிடுவாரு" என்று அவர் காதுபடவே சொல்வாள். அவரும் சிரிப்பார்.

ஒருமுறை தலைநகர் மொரோனியில் டாக்ஸியில் ஆள் நிறைவதற்காகக் காத்திருந்தபோது நான் காரணம் கேட்டேன். சின்ன வயதில் அவர் இருந்தது மலையின் அந்தப் பக்கத்து ஊர். ஒரு நாள் நெருப்புக் குழம்பு இறங்கி வந்தது. ஊரே முன்கூட்டி விலகிக்கொண்டதால் யாரும் சாகவில்லை. எதிர் மேட்டில் நின்று எல்லோரும் பார்த்தார்கள்.

"வேகமா வந்துச்சா?" என்றேன்.

"அதான் இல்ல ஃபுண்டி. வயசானவங்க நடக்குற மாதிரி வந்துச்சு. மேல கறுப்பாக் கல்லு, நொறுங்கிக்கிட்டே வரும், சட்டி பானைய மிதிக்கிற மாதிரி சத்தம். எங்க வீட்டு முன்னாடி கொஞ்ச நேரம் நின்னுச்சு. சரி, விட்டுடும்னு எங்கப்பா சொன்னாரு. அப்புறம் வாசக்கதவு வழியாவே உள்ள போச்சு." ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அதுக்கு ஒரு அவசரமும் இல்ல. அவசரத்துல இருக்குறதுகிட்டேர்ந்து தப்பிச்சுக்கலாம்."

அதற்குள் ஆள் நிறைந்துவிட்டது. கிளம்பினோம்.

அந்த வருடம் மழைக்காலம் முடிகிற சமயத்தில் தரை அசைய ஆரம்பித்தது. பெரிதாக ஒன்றுமில்லை. மேசைமேல் கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசும். முற்றத்தில் மழைநீர்த் தொட்டியின் மூடியைத் திறந்தால், காற்றே இல்லாதபோதும் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருக்கும். ஆடுகள் மேட்டுப் பக்கம் மேய மறுத்தன. வானொலி கவலைப்பட ஒன்றுமில்லை என்றது. போய்னாலி வண்டிக்குள்ளேயே தூங்க ஆரம்பித்தார். சாப்பாட்டுத் தட்டையும் வண்டி ஜன்னல் வழியாகவே வாங்கிக்கொண்டார். உண்மையில் எனக்கும் பயம்தான். சொல்லிக்கொள்ளவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் கீழே சண்டை சத்தம் கேட்டு இறங்கினேன். சொந்தத்தில் ஒரு பெரிய கல்யாணம். வாழைக்காய்க் குலை வெட்டிவர அன்சீசா கிளம்பிக்கொண்டிருந்தாள். போய்னாலி வாசலை மறித்து நின்றார்.

"இன்னைக்குப் போகாத. கேளு, இன்னைக்கு ஒரு நாள்."

"கல்யாண வீட்டுக்காரங்க கிட்ட என்ன சொல்ல? என் புருஷனுக்கு வயித்தக் கலக்குது, அதனால குலை இல்லன்னு சொல்லட்டா?"

"சொல்லு. என் பேரச் சொல்லு."

"தள்ளுய்யா." தோளால் ஒரு இடி இடித்து நகர்த்திவிட்டு, சிரித்துக்கொண்டேதான் போனாள். சந்துத் திருப்பத்தில் நின்று, "நீ வண்டிக்குள்ளயே இரு, நான் வந்து கதவத் தட்டுறேன்" என்று கத்தினாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள்.

மதியத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் சத்தம் வரவில்லை. காதுக்குள் ஏதோ அடைத்த மாதிரி இருந்தது. அதன்பிறகு வயிற்றில் உணர்ந்தேன், அடிவயிற்றில் யாரோ கை வைத்து அமுக்குவதுபோல. சத்தம் பிறகுதான் வந்தது. நின்று முடிகிற சத்தமாக இல்லை அது. திரும்பிப் பார்த்தேன். மலை உச்சியிலிருந்து கறுப்பாக ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குள் மின்னல் வெட்டியது. மேலே போய் விரிந்து, எங்கள் பக்கமாகச் சாய்ந்தது.

அழுகிய முட்டை நாற்றம் முதலில் வந்தது. அடுத்து வெயில் பழுப்பானது. பிறகு வெயிலே இல்லை. நடுப்பகலில் எதிர்வீட்டுச் சுவர் மறைந்தது. தகரக் கூரைகளில் மழை பெய்கிற சத்தம், ஆனால் கையை நீட்டினால் ஈரம் இல்லை. சாம்பல். மணல்போலக் கரகரத்தது, பல்லுக்குள் புகுந்தது. கொடியில் காய்ந்த என் புடவையை இழுத்துத் வாளித் தண்ணீரில் நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டு இறங்கினேன். படிக்கட்டு கண்ணுக்குத் தெரியவில்லை. காலால் தடவித்தான் இறங்கினேன்.

சந்தில் ஊர் முழுக்க இருந்தது. முகங்கள் தெரியவில்லை, இருமல்தான் கேட்டது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் யாரோ ஓதிக்கொண்டே இருந்தார், நடுநடுவே அவருக்கும் இருமல் வந்தது. போய்னாலியின் வண்டி விளக்கு எரிந்தது. உள்ளே ஆட்கள் ஏறி நெருக்கிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் தாங்கள் போர்த்தியிருந்த ஷிரோமணித் துணியால் குழந்தைகளை மூடிக் கட்டியிருந்தார்கள். ஹலிஃபா கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு முன்சீட்டில் இருந்தான். "மாப்பிள்ளை, எடு! எடுய்யா வண்டிய!"

அப்போதுதான் போய்னாலியின் மகள் நஜ்லத் ஓடிவந்தாள். என் வகுப்பில் படிக்கிற பெண். "அப்பா, அம்மா இன்னும் வரல! அம்மா மேல இருக்காங்க!"

போய்னாலி வண்டியிலிருந்து இறங்கினார். சந்தில் மேற்பக்கமாக நடந்தார். நஜ்லத்தும் நானும் பின்னால் போனோம். கடைசி வீட்டைத் தாண்டியதும் கல்சுவருக்கு நடுவே மலைப்பாதை ஆரம்பிக்கும். அந்த இடத்தில் நின்றார். அவருக்கு முன்னால் வெறும் கறுப்பு. அதற்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய காலை அதே இடத்தில் வைத்தார். மறுபடி தூக்கினார். "அன்சீசா" என்று கூப்பிட வாயைத் திறந்தார், காற்றுத்தான் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

"அப்பா, போங்கப்பா!" நஜ்லத் அவர் முதுகில் குத்தினாள். "போங்க!"

அவர் திரும்பினார். சாம்பல் பூசிய முகத்தில் கண்ணிரண்டு மட்டும் இருந்தன. எங்களைப் பார்த்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது. எங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு கீழே ஓடினார். வண்டிக்கதவு அடைகிற சத்தம் கேட்டது. எஞ்சின் சத்தம் இறங்கி இறங்கித் தேய்ந்தது.

நஜ்லத் தானே மேலே போகிறேன் என்று திமிறினாள். அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு இழுத்து வந்தேன். எப்படி இழுத்தேன் என்று இன்றைக்கும் புரியவில்லை, அவள் என்னைவிட உயரம். கதவு ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி அடைத்தோம். விளக்கை ஏற்றினால் விளக்கைச் சுற்றித்தான் வெளிச்சம் இருந்தது. மாடி காங்கிரீட்டாயிற்றே என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் பின்கட்டு அடுப்படிக்குத் தகரம்தான். சாம்பல் ஏற ஏற அந்தத் தகரம் முனகியது. பிறகு ஒரே சத்தமாக விழுந்தது. நஜ்லத் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் நகம் என் தோலுக்குள் இறங்கியது. நான் கையை எடுக்கவில்லை. எடுத்தால் நான் எழுந்து ஓடிவிடுவேனோ என்று இருந்தது.

"ஃபுண்டி, நெருப்பு வந்தா தெரியுமா? முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். சத்தம் வேற மாதிரி இருக்கும்" என்றேன். அவள் அப்பா சொன்ன சட்டி பானைச் சத்தத்துக்குத்தான் நான் அவ்வளவு நேரமும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். காதைத் தீட்டத் தீட்ட எல்லாச் சத்தமும் அதுபோலவே கேட்டது.

எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. கதவில் ஏதோ உரசியது. தட்டவில்லை, உரசியது. நஜ்லத் பாய்ந்து திறந்தாள். வாசலில் நாலு காலில் ஒரு சாம்பல் உருவம். கண்ணைத் திறக்க முடியாமல் இறுக்கி மூடியிருந்தாள் அன்சீசா. ஒரு கையில் வெட்டுக்கத்தி. விரல்களைப் பிரித்துத்தான் அதை வாங்க வேண்டியிருந்தது. முழங்கால் இரண்டும் கிழிந்திருந்தன. சாம்பல் வந்ததும் பாதையை விட்டு விலகி, கல்சுவரை ஒரு கையால் தொட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். சுவர் உடைந்த இடங்களில் தவழ்ந்திருக்கிறாள். தோட்டத்தில் அவளோடு இருந்த பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி வேறு பக்கம் இறங்கிப் பிழைத்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

கண்ணைக் கழுவிவிட்டோம். வாயைக் கொப்பளித்துத் துப்பினாள், கறுப்பாக வந்தது. முதல் வார்த்தை, "அவரு எங்க?"

நஜ்லத் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"எங்கடி? என்னத் தேடிக்கிட்டு மேல வந்துட்டாரா?" அன்சீசாவின் குரல் உயர்ந்தது. "அந்த மனுஷனுக்குப் பாதை தெரியாதே!"

"இல்லம்மா. வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

அன்சீசா கிழிந்த முழங்காலைப் பார்த்தாள். பிறகு, "சரி" என்றாள்.

மறுநாள் வெயில் வந்தது. ஊரே ஒரே நிறமாகக் கிடந்தது. வாழை இலைகள் முறிந்து தொங்கின. தொட்டிகள் எல்லாவற்றிலும் சேறு. உச்சி நேரத்தில் போய்னாலியின் வண்டி வந்தது. கடற்கரை ஊரில் எல்லோரையும் இறக்கிவிட்டு, வேறு ஊர்க்காரர்களையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். வாசல்படியில் அவருடைய பை இருந்தது. அன்சீசா கதவுக்கு உள்ளே நின்றாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் விளக்குமாற்றை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அவர் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். முழங்கால் கட்டுகளைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டார். வாதாடவில்லை.

அதன்பின் சதுக்கத்து ஓரத்தில் வண்டிதான் அவருக்கு வீடு. ஆண்களின் கேலி மாறிவிட்டது. அதில் சிரிப்பில்லை. அவர் வண்டியில் ஏறித் தப்பித்த ஹலிஃபாவே ஒருநாள் எல்லோர் முன்னாலும், "பொண்டாட்டிய மலைக்குக் குடுத்துட்டு ஓடினவன்" என்றான்.

"ஆமா, ஓடினேன்" என்றார் போய்னாலி. "பயந்து ஓடினேன். நீ என் பக்கத்து சீட்டுல உக்காந்திருந்த."

அதற்குப்பின் அந்தப் பேச்சு அவர் எதிரில் எழவில்லை.

மழை மறுபடி பெய்து தொட்டிகள் நிறையும்வரை தண்ணீருக்கு ஊர் அலைந்தது. போய்னாலி கடற்கரை ஊர்க் கிணற்றிலிருந்து கேன் கேனாக ஏற்றிக்கொண்டு வந்து வீடு வீடாக இறக்கினார். எங்கள் படியிலும் இரண்டு கேன் வைப்பார். அன்சீசா தொட மாட்டாள். நஜ்லத் எடுத்து வைப்பாள். அந்தத் தண்ணீரில்தான் சமையல் நடந்தது.

அன்சீசா தோட்டத்துக்குப் போகவில்லை. முழங்கால் வலி என்றாள். முழங்கால் ஆறிவிட்டது, அப்போதும் போகவில்லை. "வாழை எல்லாம் போச்சு, போயி என்னத்த பாக்க?" என்றாள். சந்து முனையில் லாரி போனால் அவள் கை தானாகச் சுவரைப் பிடிப்பதைப் பார்த்தேன். சந்தனம் அரைப்பதை விட்டுவிட்டாள், அந்த மஞ்சள் பசை முகத்தில் காய்ந்து இறுகும்போது மூச்சு முட்டுகிறதாம். நான் ஏதாவது கேட்டால், "ஒண்ணுமில்ல ஃபுண்டி" என்று அடுப்பைப் பார்ப்பாள். பெரிய குரல் எங்கே போனது என்று தெரியவில்லை. ஊர்ப் பெண்களுக்கு அவள் தப்பி வந்த கதை வேண்டியிருந்தது. எவள் கேட்டாலும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஒரு முற்பகலில் தரை மறுபடி அசைந்தது. சின்ன அசைவுதான், கண்ணாடித் தம்ளர்கள் உரசின. நான் மாடியிலிருந்து ஓடி இறங்கினேன். அன்சீசா தலையில் துணிகூட இல்லாமல் சந்தின் நடுவில் நின்றாள். அசைவு நின்றுவிட்டது. அவள் நகரவில்லை. "அன்சீசா" என்று தோளைத் தொட்டேன். மரக்கட்டையாக இருந்தாள். வாய் திறந்திருந்தது. மூச்சு மேலேயே நின்று நின்று போனது. நஜ்லத் அழ ஆரம்பித்தாள். எனக்கு என்ன செய்வதென்று புரியவில்லை.

சதுக்கத்திலிருந்து போய்னாலி வந்தார். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. அவளைத் தொடவில்லை. அவள் காலடியில், நடுத்தெருவில், மண்ணில் உட்கார்ந்தார்.

"உக்காரு" என்றார். "நின்னா காலு நடுங்குறது நமக்கே தெரியும். உக்காந்தா கொஞ்சம் தேவல."

அவள் அசையவில்லை.

"யாரும் சிரிக்கல. உக்காரு."

மெல்ல முழங்கால் மடிந்து உட்கார்ந்தாள். அவர் தெருவில் கிடந்த ஒரு கல்லை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "இத இறுக்கிப் பிடி. இதப் பத்தி மட்டும் நெனை. சூடா இருக்கா, சொரசொரன்னு இருக்கா, அத மட்டும் பாரு." அவரும் தன் கையில் ஒரு கல்லை வைத்திருந்தார்.

கொஞ்சம் கொஞ்சமாக அவள் மூச்சு இறங்கியது. எவ்வளவோ நேரம் கழித்து, தலை நிமிராமல் கேட்டாள்:

"இது எப்பய்யா போகும்?"

"எனக்கு இன்னும் போகலையே."

அவள் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று எங்களுக்குப் புரியவில்லை. கையிலிருந்த கல்லால் அவர் தோளில் அடித்தாள். நிஜமாகவே அடித்தாள். "நான் தவழ்ந்து வந்தேன்யா. நாய் மாதிரி தவழ்ந்து வந்தேன். நீ ஏன் வரல?"

"வரணும்னுதான் அங்க வந்து நின்னேன். மனசு மேல போச்சு. காலு போகல." தோளைத் தடவிக்கொள்ளக்கூட இல்லை. "வேற பதில் எங்கிட்ட இல்ல அன்சீசா. யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன்."

அவள் மறுபடி அடிக்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. வெயில் ஏறியபோது எழுந்து, "நஜ்லத், அப்பாவுக்குச் சாப்பாடு வை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு அவர் வாசல்படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை முன்னறையில் சாப்பிட்டார். பை எப்போது உள்ளே போனது என்று நான் கவனிக்கவில்லை.

மலைத் தோட்டத்தை அன்சீசா தங்கைக்குக் கொடுத்துவிட்டாள். இப்போது காலையில் தேங்காய்ப்பால் ரொட்டி சுட்டு, போய்னாலியின் வண்டியிலேயே கொண்டுபோய் டாக்ஸி நிறுத்தத்தில் விற்கிறாள். வழியெல்லாம் அவர் ஓட்டுவதைக் குறை சொல்கிறாள். "அந்தப் பக்கம் ஏறாதய்யா, சுத்திப் போ" என்பாள். எந்தப் பக்கம் என்று அவர் கேட்பதில்லை. சுற்றித்தான் போகிறார். ஏறுகிறவர்கள் முனகுவார்கள். "அவசரம்னா எறங்கி நடங்க" என்று அவள் குரல் வண்டியை நிறைக்கும். அந்தக் குரல் மட்டும் திரும்பி வந்துவிட்டது.

நேற்றுக் காலையில் மறுபடி ஒரு அசைவு. நாங்கள் நாலு பேரும் சந்துக்கு ஓடி வந்து நின்றோம், அன்சீசா கையில் மாவோடு, நான் ஒரு காலில் செருப்போடு. யாரும் மேலே பார்க்கவில்லை. அன்சீசா புருஷனின் சட்டை முனையைப் பிடித்திருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய ஏதோ ஓதினார். நிற்கிறதா, இன்னும் இருக்கிறதா என்று என் உள்ளங்கால்கள் தரையைக் கேட்டுக்கொண்டே இருந்தன.

"தீயுது" என்றாள் நஜ்லத்.

நாங்கள் மூன்று பேரும் அதிர்ந்து திரும்பினோம்.

"ரொட்டிம்மா. ரொட்டி தீயுது."

அன்சீசா வாய்க்கு வந்ததைத் திட்டிக்கொண்டே உள்ளே ஓடினாள்.